அடுப்புச் சாமியைப் போகியில் எரித்த கதை

1

சீன மருமகள் இருக்கிற வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்காதவர் நம் சிவகாசியில் பாக்கி இல்லை. பாம்பா, பல்லியா என்று கேட்டவர்களும் உண்டு. கல்யாணப் பந்தியில், இலையில் சாம்பார் விழுகிற நேரமாகப் பார்த்துக் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது ஊர் மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து எனக்கு வேகமாக வராது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனாலும் எழுதுகிறேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, ரசம். மருமகள் சமைக்கிற நாளில் மீனை ஆவியில் வேகவைத்து, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் போடுவாள். புளி இருக்காது. நான் அதன்மேல் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வேன். அவ்வளவுதான் சங்கதி.

அவள் சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய தாத்தா காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து தோல் பதனிடும் தொழில் செய்த குடும்பம். இவள் பிறந்தது, வளர்ந்தது, வங்காளி பேசியது எல்லாம் அங்கேதான். பேர் மெய்லின். எனக்கு அந்தப் பேர் நாக்கில் நிற்கவில்லை. வந்த அன்றைக்கே மயிலு ஆக்கிவிட்டேன். என் மகன் செல்வமும் அவளும் புனேயில் பாணேர் பக்கம் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். குடியிருப்பது கோந்த்வாவில். காலையில் போகிறவர்கள் போக்குவரத்தில் மாட்டி, இருட்டின பிறகு வந்து சேருவார்கள். பேத்தி அனு பிறந்த வருடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் இன்னும் இங்கேதான்.

எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு ஆபீஸ் உண்டு. வருடா வருடம் வீட்டில் இருப்பவர்கள் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கிற ஆள் ஒவ்வொரு வருடமும் மயிலிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பான். ஒவ்வொரு வருடமும் அவள் ஆதார் அட்டையை நீட்டுவாள். அவன் அட்டையைப் பார்ப்பான், அவள் கண்ணைப் பார்ப்பான், மறுபடி அட்டையைப் பார்ப்பான். போன தடவை நானே கீழே இறங்கிப் போனேன்.

"என்கிட்ட ஏன் விசா கேக்கலை?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"நீங்க மதராஸி ஆச்சே, ஆன்ட்டி."

"அவளுக்கு மிஷினில் விரல் வெச்சா ரேகை விழுது. எனக்குத்தான் விழமாட்டேங்குது. அப்போ நான்தான் வெளிநாட்டுக்காரி. எழுதிக்கோ."

காலண்டர் கம்பெனியில் வருடக்கணக்காக அட்டைக்குத் தகரப்பட்டை மாட்டித் தேய்ந்த விரல் இது. ரேகை எங்கே இருக்கும்? அவன் சிரித்தான். எழுதவில்லை. இந்த வருடமும் விசா கேட்டான்.

2

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மயிலின் அம்மா கல்கத்தாவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எனக்குச் சம்பந்தி. ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வாசலை மிதித்ததில்லை. தங்கள் ஜனத்தில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாளாம். மகள் ஒரு கறுப்புத் தமிழனைக் கட்டிக்கொண்டாள் என்று பேச்சையே நிறுத்திவிட்டாள். நானும் முதலில் சம்மதிக்காதவள்தான். ஆனால் நான் சத்தம் போட்டேன், அழுதேன், திட்டினேன், தீர்ந்துபோனது. அந்த அம்மாள் பேசவே இல்லை. பேசாதவர்களோடு எப்படிச் சண்டை போட்டு முடிப்பது?

போன வருடம் நான் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேனே, அப்போது அவளிடமிருந்து தபாலில் ஏதோ வந்திருக்கிறது; எனக்கு அது தெரியாது. நான் திரும்பி வந்து பார்த்தபோது அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. தாடி வைத்த குண்டு ஆள் ஒருவர் பெண்சாதியோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு கோழி. மயிலு வாங்குகிற சாஸ் பாட்டில்களில் இதே மாதிரி படம் இருக்கும். கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பூ வைத்து, ஒரு விளக்கு ஏற்றிப் பார்த்திருந்தாலாவது எனக்கு விளங்கியிருக்கும்.

இந்த வருடம் தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மயிலு வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடிவந்தாள்.

"அத்தை, எங்கம்மா வாராங்க. சீனப் புது வருசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து இங்கன தங்குறாங்களாம்."

அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவள் நான். அதனால் நம் ஊர்ப் பேச்சுதான் பேசுவாள். வாராங்க என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். ஆனால் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அடுப்படி இவ்வளவு பிசுக்காக இருக்கிறதே, அம்மா பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கவலைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சம்பந்தி முதல்முதலாக வருகிறாள். என் கையில் இருக்கிற அடுப்படியைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் எனக்கு மரியாதை என்ன இருக்கிறது?

போகி அன்று விடியற்காலையிலேயே ஆரம்பித்தேன். சுவரெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு வருடத் தாளிப்புப் புகையும் எண்ணெயும் ஏறி, அந்தச் சிவப்புத் தாளில் விரலால் பேர் எழுதலாம் போல இருந்தது. கிழித்தேன். தேய்ந்த விளக்குமாறு, கிழிந்த பாய், ஆன்லைனில் சாமான் வந்த அட்டைப் பெட்டி எல்லாவற்றோடும் கட்டினேன்.

கட்டிவிட்டேன், எரிக்க இடம் வேண்டாமா? இங்கே போகி என்றால் தீ கிடையாது. எல்லாக் காயும் போட்டு ஒரு கூட்டு, எள் தூவின கம்பு ரொட்டி, அதுதான் போகி. எதிர்வீட்டு மராட்டிக்கார சுனிதாவிடம் கேட்டதற்கு, "ஆஜி, போகின்னா சாப்பிடுற பண்டிகை. நீங்க எதுக்குக் கொளுத்துறீங்க?" என்றாள். எங்கள் ஆபீஸ்காரர்களோ எதையும் எரித்தால் அபராதம் என்று லிஃப்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வாட்ச்மேன் தினமும் அட்டையைக் கொளுத்திக் கை காய்கிறான். அவன் கொளுத்தினால் குளிர், நான் கொளுத்தினால் குற்றம். நேரே அங்கே போனேன்.

"ஜல்தி, அம்மாஜி, ஜல்தி" என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். பாயும் விளக்குமாறும் புகைந்து புகைந்துதான் எரிந்தன. அந்த எண்ணெய்த் தாள் மட்டும் போட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது.

3

மயிலு அன்று சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் தாள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"அத்தை, இங்கன இருந்த படம் எங்க?"

"அதுவா? ஒரே பிசுக்கு. போகியில போட்டுட்டேன்."

"போட்டுட்டீங்களா?"

"எரிச்சுட்டேன். ஏன், அந்தக் கம்பெனிக்காரன் இன்னொன்னு தரமாட்டானா?"

மயிலு பால் பொங்கி வருகிற நேரத்தில் அடுப்பை அணைத்தாள். அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அனுதான் ஓடிவந்து கத்தினாள்.

"பாட்டி! அது காட்! கிச்சன் காட்! யூ பர்ன்ட் காட்!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமின்னா பாக்கிறதுக்குச் சாமி மாதிரி இருக்க வேண்டாமாடீ? எத்தனை சாமிக்கு நான் தகரம் மாட்டியிருக்கேன். தலைக்குப் பின்னால ஒரு ஒளிவட்டம் உண்டா? ஆசீர்வாதம் பண்ற கை உண்டா? மொதலாளி பெண்சாதியோட ஸ்டுடியோவுல போட்டோ புடிச்ச மாதிரி உக்காந்திருந்தா நான் என்னத்தைக் கண்டேன்?"

வாய்தான் அப்படிப் பேசியது. பழைய காலண்டரில் சாமி படம் இருந்தால், வருடம் முடிந்த பிறகும் அதே ஆணியில் புதியதன் பின்னால் மாட்டி வைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். சாமி படத்தைத் தாண்டிக்கூடப் போனதில்லை.

பிறகு மயிலு மெதுவாகச் சொன்னாள். அதை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் அடுப்புச் சாமி. வருடம் பூராவும் அடுப்புக்கு மேலே உட்கார்ந்து அந்த வீட்டில் யார் என்ன பேசுகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். புது வருடத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வானத்து ராஜாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுவார். அதை வைத்துத்தான் அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது. அதனால் அவர் கிளம்புகிற அன்று வீட்டை ஒழித்துப் பெருக்கி, அவர் வாயில் பாகு மாதிரி ஒட்டுகிற இனிப்பைத் தடவுவார்கள். எள் போட்ட இனிப்பும் வைப்பார்களாம். போய் இனிப்பாகப் பேசட்டும் என்று ஒரு கணக்கு. வாய் ஒட்டிக்கொண்டு பேச முடியாமல் போகட்டும் என்று இன்னொரு கணக்கு. அவருடைய குதிரைக்குக் கொஞ்சம் தானியமும் தண்ணீரும் வைத்து, அப்புறம் படத்தைக் கொளுத்துவார்கள். புகையோடு மேலே போய்விடுவார். புது வருடத்துக்கு முந்தின நாள் புதுப் படம் ஒட்டினால் திரும்பி வந்து உட்காருவார்.

"எரிக்கத்தானே செய்வீங்க? நானும் எரிச்சுத்தானே இருக்கேன்?" என்றேன்.

"நாள் வரலையே அத்தை. வாயில ஒன்னும் வைக்கலையே. கிழிஞ்ச பாயோட போயிருக்காரு."

பேச்சை மாற்றினேன். "சரி, அவரு எப்படிச் சாமியானாரு? அதைச் சொல்லு."

அந்தக் கதையைக் கேட்டபின் எனக்கு ஏற்பட்ட எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. முன்னொரு காலத்தில் ஒருத்தன் நல்ல பெண்சாதியைத் துரத்திவிட்டு வேறொருத்தியோடு வாழ்ந்தானாம். சொத்தெல்லாம் போய், கண்ணும் போய், பிச்சை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றானாம். அந்த வீட்டுக்காரி உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டு அழுதபோது அவனுக்குக் கண் திறந்தது. பார்த்தால், சோறு போட்டவள் அவன் துரத்தின பெண்சாதி. வெட்கத்தில் அப்படியே எரிகிற அடுப்புக்குள் பாய்ந்துவிட்டான். வெட்கப்பட்டானே, அது போதும் என்று வானத்து ராஜா அவனை அடுப்புச் சாமி ஆக்கிவிட்டாராம்.

"பெண்சாதியைத் துரத்தினவனுக்கு உத்தியோகமா?" என்றேன். "அதுவும் எங்கே? அவ அடுப்படியிலயே! அவ என்ன பேசுறா, எதைச் சிந்துறான்னு பாத்து மேல போய்க் கோள் சொல்றதுக்கு! இவன் பண்ணின காரியத்தை யாரு மேல போய்ச் சொன்னா?"

அனு, "பாட்டி, உங்க டாக்கிங்கும் எல்லாம் கேட்டிருப்பார்" என்றாள்.

"அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒன் இயர் இருந்தாரே. என்னைவிட நல்லாத் தெரியும்."

அந்த அடுப்புக்கு முன்னால் நின்றுதான் தினமும் என் தங்கைக்குப் போன் போடுவேன். மருமகள் பண்ணுகிற கூத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவேன். அந்த அடுப்படியில் முணுமுணுக்கக் கூடாது, திட்டக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று ராத்திரி செல்வத்திடம் சொன்னபோது, "சின்ன விஷயம்மா, புதுசு ஒன்னு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். அவனுக்கு எல்லாமே சின்ன விஷயம். அது சின்ன விஷயமில்லை என்று மயிலு கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவள் அம்மா மகள் வீட்டுக்கு என்று அனுப்பின ஒரே பொருள் அந்தப் படம். அதை வழியனுப்பி வைக்கத்தான் அம்மாவே வருகிறாள். வந்து பார்த்தால் வெறும் சுவர். தான் அனுப்பினதை மகள் தூக்கி எறிந்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டால், அப்புறம் இந்த ஜென்மத்தில் வரமாட்டாள்.

4

மறுநாள் பொங்கல். மயிலு விடியக் குளித்துவிட்டு வந்து பொங்கலைக் கிண்டினாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சுனிதா எள்ளுருண்டை கொண்டுவந்தாள். எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்தது. இங்கே சங்கராந்திக்கு அதைக் கையில் கொடுத்து, எள்ளும் வெல்லமும் எடுத்துக்கொள்ளுங்கள், இனிப்பாகப் பேசுங்கள் என்று மராட்டியில் சொல்லுவார்கள். வருடா வருடம் கேட்கிற வார்த்தைதான். அன்றைக்கு என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

படத்துக்கு என்ன செய்வது? அனு போனில் நூறு அடுப்புச் சாமி காட்டினாள். ஒன்றிலும் அந்த இரண்டு கோழி இல்லை. கல்கத்தாவில் மயிலு அம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு கடையில் மட்டும் கிடைக்கிற அச்சு அது. மயிலு தன் போனைக் கிண்டிக் கிண்டி ஒரே ஒரு போட்டோ கண்டுபிடித்தாள். நான் தோசைக் கரண்டியோடு அடுப்பு முன்னால் நிற்கிறேன். என் தோளுக்குப் பின்னால் சாமியின் உடம்பு, பெண்சாதி, கோழி எல்லாம் தெரிகிறது. முகத்தை மட்டும் என் தலை மறைத்திருக்கிறது.

எனக்கு யோசனை வந்தது. உலகத்துச் சாமியெல்லாம் அச்சாகிற ஊர் நம் ஊர். என் தங்கை மகன் பாண்டி அங்கே அச்சாபீஸில் படம் வடிவமைக்கிறவன். போட்டோவை அனுப்பச் சொல்லிவிட்டுப் போன் போட்டேன்.

"பெரியம்மா, இதுல சாமி எங்க இருக்கு? நீங்கதான் இருக்கீங்க."

"எனக்குப் பின்னால பாருடா."

"தாடி நுனி தெரியுது. மூஞ்சி ஒங்க கொண்டைக்குள்ள போயிருச்சு."

"மூஞ்சியை மட்டும் நீ வரைஞ்சு போடு. அனு போன்ல இருந்து ஒன்னு அனுப்பியிருக்கா."

"அவ அனுப்புனது பிரிண்ட்ல கட்டங்கட்டமா ஒடையும் பெரியம்மா. நம்மகிட்டயே மூஞ்சி நிறைய இருக்கு. மீசை தாடியோட நல்ல மூஞ்சியாப் போட்டுவிடுறேன். காலண்டர் வேலையெல்லாம் முடிஞ்சு மிஷின் சும்மாதான் கெடக்கு."

கூரியர் வந்து சேருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வாசலில் ஒரு நம்பர் கேட்பார்கள். அந்த நம்பர் செல்வம் போனுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். கூரியர் பையன் திரும்பிப் போய்விடுவான். இரண்டு நாள் இப்படியே நடந்தது. மூன்றாம் நாள் கீழே போய் கேட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உருளையைப் பிரித்தோம். தாள் அருமையான தாள். கோழி இரண்டும் அப்படியே இருந்தன. முகம் மட்டும் நம் ஊர் எல்லையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற அய்யனார் முகம். உருட்டுக் கண், முறுக்கு மீசை. சும்மா விட்டானா? தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருந்தான். சாமியின் ஒரு கை என் தோளில் மறைந்திருந்ததால், அந்த இடத்தில் ஆசீர்வாதம் பண்ணுகிற கை ஒன்றை ஒட்டியிருந்தான். மேலே தகரப்பட்டையும் மாட்டி அனுப்பியிருந்தான்.

அனு தரையில் உருண்டு சிரித்தாள். "பாட்டி, ஹெவன் கேட்ல இவரை விடமாட்டாங்க. விசா கேப்பாங்க!"

எனக்கு மட்டும், இப்போதுதான் சாமி மாதிரி இருக்கிறார் என்று பட்டது. வெளியே சொல்லவில்லை.

மயிலு படத்தை வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஆணியடித்து, அதே வெளுத்த இடத்தில் மாட்டினாள். "அத்தை, எங்கம்மா கேட்டா, நானே கை தவறி எரிச்சுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க ஒன்னும் பேசாதீங்க" என்றாள்.

"நீ எதுக்குச் சொல்லணும்?"

"என்மேல ஏற்கெனவே கோவம்தானே. இன்னும் கொஞ்சம் கூடும். ஒங்கமேல வேணாம்."

பேசாதீர்கள் என்று என்னிடமே சொல்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

5

சம்பந்தி வந்தாள். குள்ளமான உருவம். முடியைக் கருகருவென்று சாயம் போட்டுச் சுருட்டிவிட்டிருந்தாள். காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். பெட்டிகூட இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

சுவரைப் பார்த்தாள். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மயிலு தங்கள் பாஷையில் ஏதோ ஆரம்பித்தாள். அவள் குரல் இறங்குவதைக் கேட்டதும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"நான் எரிச்சேன்" என்று இந்தியில் சொன்னேன். "இவ இல்லை. நான். எங்க பண்டிகை. குப்பைன்னு நெனச்சேன்."

என் இந்தி காய்கறி வாங்குகிற இந்தி. பேரம் பேச வரும். மன்னிப்புக் கேட்க அதில் வார்த்தை கிடையாது.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயில் என்ன வைத்தாய்?" என்று கேட்டாள்.

"ஒன்னும் வைக்கலை."

"அப்படியானால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பார்" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீரை மேடைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு பேசினது வேகமாக, பாதி இந்தியும் பாதி வங்காளியுமாக வந்தது. எனக்குப் பிடிபடவில்லை. மயிலைப் பார்த்தேன். அவள் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். அனுதான் திக்கித் திக்கித் தமிழில் சொன்னாள்.

"பாட்டி, நானி பாட்டி என்ன சொல்றாங்கன்னா... இத்தனை வருஷம் அவங்க கோவத்துல வரலை. ஆனா அம்மா எப்படி இருக்காங்கன்னு தெரியணும். அதனால பார்க்கறதுக்கு அவரை அனுப்பினாங்களாம். இப்ப கேக்கறாங்க... அவர் அங்க போய் என் மகளைப் பத்தி என்ன சொல்லியிருப்பார்?"

கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. அந்த அடுப்படியில் அவரோடு கூடவே நின்றவள் நான் ஒருத்திதானே?

அனு சட்டென்று டப்பாவைத் திறந்து ஒரு எள்ளுருண்டையை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தாள். "பாட்டி, ஃபர்ஸ்ட் இது. ஸ்வீட்டாப் பேசுங்க."

அவள் கையைத் தள்ளிவிட்டேன். "வேண்டாம்டீ. எனக்கு இனிப்பில்லாமலே பேச வரும். மயிலு, நான் சொல்றதை ஒங்கம்மாகிட்ட அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது."

"அத்தை, வேணாம்."

"சொல்லு. ஒங்க மக ஈரத்துணியை அடுப்புமேலயே போட்டுட்டுப் போயிருவா. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கமாட்டா."

மயிலு சொன்னாள். சம்பந்தி தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் போலிருக்கிறது.

"கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டா வாங்கி அழுக விடுவா. ரசத்துல ஒருநாள் வினிகர் ஊத்தினா. காலைல ஒரு வாய் தின்னாம டீயைக் குடிச்சுட்டு ஓடுவா. கத்தினா, பஸ்ஸு போயிரும் அத்தைம்பா. ராத்திரி வந்து, எனக்குப் பல்லில்லைன்னு சப்பாத்தியைப் பால்ல பிச்சுப் போட்டு ஊறவெச்சுத் தருவா. நான் கேட்டதே இல்லை."

அதையும் சொன்னாள், கொஞ்சம் தயங்கி.

"என் மகனுக்கு நம்ம ஊர்ப் பேச்சு மறந்துபோச்சு. பேத்திக்கு வரவே இல்லை. இந்த ஊர்ல நான் இங்கன, அங்கனன்னு பேசினா, திருப்பி இங்கன, அங்கனன்னு பேசுற ஒரே ஆளு ஒங்க மகதான். இவ ஆபீஸ் போனா எனக்கு வாய் கட்டிப்போகுது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டும்போதுதான் எனக்குப் பேச்சு வருது. சொல்லுடீ, ஏன் நிக்கிற?"

மயிலு சொல்லவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மேடைமேல் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். அனு தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். முழுசாகச் சொன்னாளோ என்னவோ. அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, மேடைமேல் வைத்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். செம்பை என்னிடம் கொடுத்தாள். வாசலுக்குப் போய்ப் பெட்டியை உள்ளே இழுத்துவந்தாள்.

அப்புறம் சுவரைக் காட்டி, "இவர் யார்?" என்றாள்.

"எங்க ஊரு ஆளு" என்றேன்.

"மீசை நன்றாக இருக்கிறது" என்றாள்.

6

அவர்கள் கணக்கில் வழியனுப்புகிற நாள் வந்தது. சம்பந்தி எள்ளுருண்டையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிப் பாகாக்கினாள். கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த இனிப்பை அவள் திறக்கவே இல்லை. ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறும் தண்ணீரும் குதிரைக்கு. பாகை விரலால் தொட்டு மீசைக்குக் கீழே தடவினாள். கொளுத்துவதற்கு இரும்புச் சட்டியை எடுத்துவைத்தாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றப் போனபோது நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"இவரை எரிக்கக்கூடாது."

"எரிக்காமல் எப்படிப் போவார்?"

"போகவேண்டியவரு போயிட்டாரு. இவரு எங்கயும் போகவேண்டாம்."

ஒளிவட்டம் இருக்கிறது, தூக்கின கை இருக்கிறது. அந்த முகத்தில் தீ வைக்க என்னால் ஆகாது. உண்மையான சாமியைக் குப்பை என்று எரித்தவள், பாண்டி ஒட்டுப்போட்டு அனுப்பின சாமியை எரிக்கமாட்டேன் என்கிறாள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அனுவும் சிரித்தாள். என்ன செய்ய? சம்பந்தி வாதம் பண்ணினாள், நானும் பண்ணினேன், இரண்டு பேருக்கும் மற்றவர் பேசியது பாதி விளங்கவில்லை. கடைசியில் அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். புது வருடத்துக்கு முந்தின நாள், பெட்டியிலிருந்து புதுச் சிவப்புத் தாளை எடுத்து, மீசைக்காரருக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். அன்று பரிமாறின மீனில் நான் குழம்பு ஊற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அவளும் ஒரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

இப்போது எங்கள் அடுப்புக்கு மேலே இரண்டு பேர். மீசைக்காரர் வாயில் தடவின வெல்லத்துக்குத் தினமும் எறும்பு வருகிறது. துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது.

சம்பந்தி ஊருக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறாள். மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொல்கிறாள். முதலில் சுவரைக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். பிறகு, "என்ன செய்தி?" என்பாள். இன்னும் ஒரு வருடம் கழித்து மேலே போய் யாரோ சொல்லட்டும் என்று இருக்க அவளுக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை.

என் வாயில் யாரும் எதையும் தடவவில்லை. அதனால் உள்ளதைத்தான் சொல்கிறேன். உங்கள் மகள் நேற்றும் ஈரத்துணியை அடுப்புமேலேயே போட்டுவிட்டுப் போனாள்.